கிளிப்பின் மேல் ஒரு மஞ்சள் கோடு

பயிற்சிப் பிரிவிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். "சார், புதுசா சேர்ற இன்ஜினியர்ஸுக்கு ஒரு சின்ன புத்தகம் போடறோம். ரிட்டயர் ஆனவங்ககிட்ட ஆளுக்கு ரெண்டு பக்கம் கேக்கறோம். இன்ஸ்பைரிங்கா ஏதாவது எழுதிக் குடுங்க சார்" என்றார். எனக்கு முன்னால் எழுதிக் கொடுத்தவர்களின் பக்கங்களை மாதிரிக்கு அனுப்பியிருந்தார். எல்லாவற்றையும் படித்தேன். முப்பது வருஷத்தில் ஒருவர்கூட ஒரு தப்பும் செய்யவில்லை. நெருக்கடி வந்தபோதெல்லாம் நிதானமாக இருந்திருக்கிறார்கள், உண்மையை மேலிடத்தில் துணிந்து சொல்லியிருக்கிறார்கள், கடைசியில் கைதட்டல் வாங்கியிருக்கிறார்கள். இத்தனை உத்தமர்கள் வேலை பார்த்த கம்பெனியிலிருந்து போன வண்டிகள் ஏன் லாரியில் ஏறித் திரும்பி வந்தன என்று அவர்கள் யாரும் எழுதவில்லை.

நான் டெஸ்டிங் பிரிவில் இருந்தவன். கரடுமுரடான பாதைக்கென்று நாம் செய்கிற வண்டி இருக்கிறதே, நாலு சக்கரமும் இழுக்கிற அந்த வண்டி, அதை முதன்முதலில் தண்ணீரில் இறக்கிப் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்டவன் நான்தான். இன்ஸ்பிரேஷன் என்னிடம் இல்லை. ஒரு மனிதனின் பிழைப்பைக் கெடுத்த கதை ஒன்று இருக்கிறது, அதைத்தான் எழுதப்போகிறேன். பக்கம் கொஞ்சம் கூடும். வெட்டுவதானால் வெட்டிக்கொள்ளுங்கள். எதை மட்டும் வெட்டக்கூடாது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ப்ரீதர். உங்களில் பாதிப் பேர் அதைக் கண்ணால் பார்த்திருக்கமாட்டீர்கள். கம்ப்யூட்டர் திரையில் ஆக்சிலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்திருப்பீர்கள். அதன் தலையில் சுண்டுவிரல் நுனி அளவு ஒரு துளையும் அதிலிருந்து கிளம்பும் ஒரு ரப்பர் ஹோஸும் இருப்பதை யார் கவனிக்கிறார்கள்? ஆக்சிலுக்குள் பல்சக்கரங்களும் எண்ணெயும் இருக்கின்றன, மிச்ச இடத்தில் காற்று. வண்டி ஓடினால் சூடாகும், காற்று விரியும், வெளியே போக வழி வேண்டும். ஆறினால் காற்று சுருங்கும், வெளியிலிருந்து உள்ளே இழுக்கும். காலையில் சுடச்சுடச் சோறு போட்டு மூடிய டிபன் பாக்ஸ் மதியம் திறக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறதல்லவா, அதே சமாசாரம்தான். அப்படி இழுக்கிற நேரத்தில் ஹோஸின் வாய் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீர்தான் உள்ளே போகும். எண்ணெயும் தண்ணீரும் கலந்து பால் டீ நிறத்துக்கு வரும். பேரிங் தேயும், பிறகு ஒரு நாள் சக்கரம் அப்படியே பிடித்துக்கொள்ளும்.

இதெல்லாம் அன்றைக்கும் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள வழியே இல்லை.

கேண்டீன் சுவருக்குப் பின்னால் இன்று ஸ்கிராப் கொட்டி வைத்திருக்கும் பள்ளம்தான் அப்போது நம்முடைய தண்ணீர்த் தொட்டி. சாய்வாக இறங்கி மறுபக்கம் சாய்வாக ஏறும். லாரித் தண்ணீர் வாங்கி நிரப்புவோம். முதல் வண்டி தயாரானபோது எங்கள் பிளாண்ட் ஹெட் நாள் பார்த்தார். பெரிய பக்திமான் அவர். எலுமிச்சம்பழம் நசுக்காமல் ஒரு போல்ட்கூட முறுக்க விடமாட்டார். திங்கட்கிழமை என்று முடிவாயிற்று. திங்களன்று ஏழரைக்கு ராகு காலம் ஆரம்பித்துவிடும், அதற்குள் வண்டி தொட்டியில் இறங்கியாக வேண்டும் என்றார். அவ்வளவு காலையில் அவசரப்படக்கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே வண்டியைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, தொட்டி ஓரமாக நிறுத்திவிட்டோம். திங்கள் காலை ஏழு மணிக்கு நாலு சக்கரத்தின் அடியிலும் நாலு எலுமிச்சம்பழம் வைத்து இறக்கினோம். ஓசூர்க் குளிரில் ராத்திரி முழுக்க நின்ற ஆக்சில் அது, தொட்டித் தண்ணீரைப் போலவே சில்லென்று இருந்தது. உள்ளே இருந்த காற்று விரியவும் இல்லை, சுருங்கவும் இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை. எல்லாரும் கைதட்டினோம், கேசரி சாப்பிட்டோம்.

முதல் வண்டி பாஸானதால் அதற்கடுத்த வண்டிகளையும் அப்படியே செய்தோம். பிறகு சோதனை முறையை எழுத்தில் கொடுக்கச் சொன்னார்கள். நான்தான் எழுதினேன். நடந்ததை நடந்தபடி எழுதினேன். மூன்றாவது வரி இப்படி: 'வண்டியை முந்தைய நாள் மாலையே தொட்டி அருகில் நிறுத்தவும்.' எலுமிச்சம்பழத்தை மட்டும் விட்டுவிட்டேன். ராகு காலத்துக்காகச் செய்த ஏற்பாடு அன்றுமுதல் நம்முடைய விஞ்ஞானமாகிவிட்டது.

அதைக் கண்டுபிடித்தவர் டெஸ்ட் டிரைவர் அருள்தாஸ். மத்திகிரிக்காரர், வாய்த்துடுக்கு, ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்தால் வண்டிக்குள் எங்கே நோவு என்று சொல்லிவிடுவார். ஒரு நாள் தொட்டியிலிருந்து ஏறி வந்து, சொட்டச் சொட்ட நின்ற வண்டியிலிருந்து இறங்காமலே கேட்டார்.

"ஏன் சார், ஆத்தத் தாண்டப் போற வண்டி முந்தின நாளே வந்து கரையில படுத்துத் தூங்கிட்டா சார் எறங்கும்? காட்டு ரோட்ல ஏறி எறங்கி, கொதிச்சுப்போய் வந்து அப்புடியேதானே எறங்கும்?"

"புரொசீஜர்ல என்ன இருக்கோ அதச் செய்ங்க அருள்."

"அந்தப் புரொசீஜர எழுதுனதே நீங்கதானே சார்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. டிரைவர் ஒருத்தன் நாலு பேர் முன்னால் எனக்குப் பாடம் எடுப்பதா என்ற கோபம். "சரி, பாக்கலாம்" என்றேன். இருபத்தாறு வருஷத்தில் நான் பேசிய வார்த்தைகளிலேயே கேவலமானது அந்தப் 'பாக்கலாம்'தான். பார்க்கவே இல்லை.

இனி முனிரத்தினம். ஆக்சில் லைனில் ப்ரீதர் ஹோஸ் மாட்டுகிற வேலை அவருடையது. பாகலூர்க்காரர். வீட்டில் தெலுங்கு, லைன் சூப்பர்வைசரிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். பன்னிரண்டு வருஷமாக கான்ட்ராக்ட். கம்பெனி பஸ் பாகலூரில் அவர் தெரு முனையிலேயே நிற்கும். ஆனால் பெர்மனென்ட் ஆட்களுக்குத்தான் அந்த பஸ். பன்னிரண்டு வருஷமாக அந்த பஸ் தன் முன்னால் நின்று, பக்கத்து வீட்டுக்காரனை ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு, அதே இடத்தில் டவுன் பஸ்ஸுக்காக நிற்பார். அந்த வருஷம் பெர்மனென்ட் ஆகிறவர்கள் பட்டியலில் அவர் பெயர் வந்திருந்தது. "சார், தீவாளி முடிஞ்சதும் நம்மளும் பஸ்ல குந்திக்கினு வரலாம் சார்" என்று தொட்டிப் பக்கம் வரும்போதெல்லாம் சொல்வார். அவர் மகள் அந்த பஸ்ஸைப் பார்த்து, "நைனா, நம்ம பஸ்ஸு" என்று இப்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டாளாம்.

ஹோஸை மாட்டி, அதைக் கவ்விப் பிடிக்கிற கிளிப்பின் ஸ்க்ரூவை முறுக்கியபின் மஞ்சள் பெயிண்ட் பேனாவால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். வேலை முடிந்தது என்பதற்கு அடையாளம். எல்லாரும் புள்ளி வைப்பார்கள். முனிரத்தினம் மட்டும் ஸ்க்ரூவின் தலையில் தொடங்கி, கிளிப்பைத் தாண்டி, ஹோஸ் மேல் இறங்குகிற மாதிரி நேராக ஒரு கோடு இழுப்பார்.

"என்னய்யா, கோலம் போடறியா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"பின்னாடி யாரு தொட்டாலும் தெரியணும் சார். ஸ்க்ரூ திரும்புனா கோடு ஒடிஞ்சிரும். ஒடிஞ்ச கோடு இருந்திச்சின்னா, நான் முறுக்குனத அப்பறம் யாரோ அவுத்துருக்காங்கன்னு அர்த்தம்."

நல்ல வழக்கம் என்று பாராட்டினேன். மறக்காமல் இருந்திருக்கிறேன் பாருங்கள், அதுதான் என் தண்டனை.

ஐப்பசி மழையில் முதல் அடி விழுந்தது. தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் காய்கறி பயிரிடுகிற ஒருவர் நம் வண்டியை வாங்கியிருந்தார். கூலி வேலைக்கு வந்த பெண்கள் ஆறு பேரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கி ஓடையைத் தாண்டுவது அவர்களுக்குத் தினசரி வழக்கம். அன்றைக்கு ஓடையின் நடுவில் பின்சக்கரம் பிடித்துக்கொண்டது. வண்டி முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை, தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கரையேறினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கரையிலிருந்த ஒருவன் அதை போனில் எடுத்துவிட்டான். மறுநாள் காலை நம் கம்பெனியில் அந்த வீடியோவைப் பார்க்காத ஆளே இல்லை.

வண்டி லாரியில் வந்து சேர்ந்தது. ப்ரீதர் ஹோஸ் அவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. "ஆ, கிடைத்தது காரணம்" என்று எல்லார் முகத்திலும் ஒரு நிம்மதி. நான் குனிந்து பார்த்தேன். ஸ்க்ரூவின் தலையில் மஞ்சள். கிளிப்பின் மேல் மஞ்சள். ஹோஸின் மேல் மஞ்சள். மூன்றும் ஒரு நேர்கோட்டில் இல்லை, முறிந்திருந்தன. ஒழுங்காக முறுக்கி அனுப்பிய கிளிப்பைப் பிறகு யாரோ தளர்த்தியிருக்கிறார்கள். ஓடையிலிருந்து வண்டியை இழுத்துப் போட்டபின் ஊர் மெக்கானிக் ஒருவர் என்ன கோளாறு என்று பார்ப்பதற்காக ஹோஸைக் கழற்றினார் என்று நம் சர்வீஸ் ஆளே அன்று மதியம் என்னிடம் போனில் சொன்னார்.

அதற்குப் பிறகும் எனக்கு ஒரு சந்தேகமும் மிஞ்சக்கூடாது என்று அருள்தாஸைக் கூப்பிட்டேன். யார்டில் நின்ற ஒரு புது வண்டியை எடுத்தோம். கிளிப் கச்சிதமாக இருந்தது. நேரான மஞ்சள் கோடும் இருந்தது. பாரம் ஏற்றி கிருஷ்ணகிரி வரை ஓட்டி, திரும்பி மேட்டில் ஏறி வந்து, ஆக்சிலில் கை வைக்க முடியாத சூட்டில் நேராகத் தொட்டியில் இறக்கினார். பத்து நிமிஷம் நிறுத்தினோம். மேலே ஏற்றி, அடியில் இருந்த போல்ட்டைக் கழற்றி எண்ணெயை வடித்தேன். பால் டீ.

அருள்தாஸ் அன்றைக்குக் கிண்டல் செய்யவில்லை. தட்டில் இருந்த எண்ணெயைப் பார்த்துவிட்டு, "இத எழுதிருவீங்கள்ல சார்?" என்று மட்டும் கேட்டார். "எழுதாம?" என்றேன்.

பிளாண்ட் ஹெட் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். மாட்டியதில் தப்பில்லை, ஹோஸ் குட்டை, வாய் தண்ணீருக்குள் போகிறது, நாம் எல்லா வண்டியையும் குளிர வைத்துச் சோதித்திருக்கிறோம் என்றேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு சொன்னார்: "டெஸ்டே தப்புன்னு எழுதுனீங்கன்னா வித்த வண்டி பூரா திரும்பக் கூப்பிடணும். அந்த டெஸ்ட்ல இருக்கறது உங்க கையெழுத்து. டிபார்ட்மென்ட் ஹெட் போஸ்டுக்கு உங்க பேர் போயிருக்கு. நான் ஒண்ணும் சொல்லல. யோசிச்சு எழுதுங்க."

யோசித்தேன். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். பெயர் வேண்டாம், போய்ச் சேர்ந்துவிட்டார். நான் சேர்ந்த புதிதில் ஒரு ரிப்போர்ட்டை என்னிடமிருந்து பிடுங்கிக் கிழித்துவிட்டுச் சொன்னார்: "டேய், காரணத்த எப்பவும் கை மேல போடு, தலை மேல போடாத. கை மேல போட்டா ஒரே தாள்ல முடிஞ்சிரும். தலை மேல போட்டா டிராயிங், டெஸ்ட், சப்ளையர்னு வருஷம் பூரா இழுக்கும்." கை என்றால் மாட்டியவன், தலை என்றால் வரைந்தவனும் சோதித்தவனும். குருநாதர்களைப் பற்றி மற்றவர்கள் உருகி உருகி எழுதியிருக்கிறார்கள். என் குருநாதர் எனக்குக் கொடுத்தது இதுதான், நானும் நல்ல மாணவன்.

எய்தவன் இருக்க அம்பை நோகலாமா என்று நம் ஊரில் கேட்பார்கள். நோகலாம், நன்றாகவே நோகலாம், அதற்கு ஒரு படிவமே இருக்கிறது. படிவத்தில் படம் ஒட்ட ஒரு கட்டம் உண்டு. கேமராவை எடுத்துக்கொண்டு வண்டியின் அடியில் படுத்தேன். இந்தப் பக்கமிருந்து பார்த்தால் மஞ்சள் தெரிந்தது. எழுந்து, சுற்றிப் போய், மறுபக்கம் படுத்தேன். அங்கிருந்து பார்த்தால் தளர்ந்த கிளிப்பும் தொங்குகிற ஹோஸும் மட்டும்தான் தெரிந்தன. அங்கிருந்து எடுத்தேன். பொய்ப் படம் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு பொருளை நான் அழிக்கவும் இல்லை, மாற்றவும் இல்லை. இடம் மாறிப் படுத்தேன், அவ்வளவுதான். அடிப்படைக் காரணம் என்ற இடத்தில் 'ஹோஸ் கிளிப் சரியாக இறுக்கப்படவில்லை, ஆபரேட்டர் தவறு' என்று எழுதினேன். அருள்தாஸ் அடுத்த நாள் காலையிலிருந்து ஒரு வாரம் ஏற்காடு மலைப்பாதையில் பிரேக் சோதனைக்குப் போகும்படி உத்தரவு போட்டேன். அந்த வாரத்தில்தான் விசாரணை வைத்திருந்தார்கள்.

விசாரணையில் நாங்கள் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். முனிரத்தினம் நின்றார். யூனிபார்மைத் துவைத்து இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தார். ரிப்போர்ட்டைப் படித்துக் காட்டினார்கள். படத்தைக் காட்டினார்கள். படத்தை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார், திருப்பினால் மறுபக்கம் தெரியும் என்கிற மாதிரி. பிறகு மற்ற நாலு பேரையும் விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"சார், மார்க்கு பாத்தீங்களா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் அதைவிட எளிதான கேள்வியைக் கேட்டதில்லை.

"மார்க் ஒண்ணும் தெரியலையேப்பா" என்றேன்.

"சரிங்க சார்" என்றார். கூச்சல் போட்டிருந்தால், என் சட்டையைப் பிடித்திருந்தால், எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பட்டியலில் அவர் பெயரை அடித்தார்கள். அடுத்த வாரத்திலிருந்து வரவேண்டாம் என்று கான்ட்ராக்டர் சொல்லிவிட்டார். ஆக்சில் லைனில் எல்லாரையும் நிற்க வைத்து, கிளிப்பைச் சரியாக முறுக்காவிட்டால் என்ன ஆகும் என்று அந்தப் படத்தைக் காட்டி வகுப்பு எடுத்தார்கள். வகுப்பு எடுத்தவன் நான். 'பழி ஓரிடம், பாவம் ஓரிடம்' என்பார்களே, இரண்டுக்கும் நடுவில் கையில் குச்சியோடு நான் நின்றேன்.

ஏற்காட்டிலிருந்து வந்த அருள்தாஸ் என் மேஜைக்கு எதிரில் வந்து நின்றார். "எழுதுனீங்களா சார்?" என்று கேட்டார். நான் அடுத்த பைலைப் பிரித்தேன். அன்றிலிருந்து நான் ரிட்டயர் ஆகும் வரை வேலை விஷயம் தவிர என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

தை மாசம் ஹோஸின் நீளத்தைக் கூட்டினோம். குட்டையாக முடிந்த ஹோஸை மேலே இழுத்து, பின் விளக்குக்குப் பின்னால், எந்த ஓடைத் தண்ணீரும் எட்டாத உயரத்தில் கட்டினோம். பழைய வண்டிகள் சர்வீஸுக்கு வரும்போது சொல்லாமல் கொள்ளாமல் மாற்றிவிட்டோம். சோதனை முறையில் மூன்றாவது வரியை எடுத்துவிட்டு, 'வண்டியை நன்கு ஓட்டிச் சூடாக்கிய பின் இறக்கவும்' என்று போட்டோம். மாற்றத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் 'பராமரிப்பு வசதிக்காக' என்று எழுதினோம். அதிலும் என் கையெழுத்துதான். வண்டியைச் சரிசெய்துவிட்டேன், இனி யாரும் ஆற்று நடுவில் நிற்கமாட்டார்கள் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். சித்திரையில் டிபார்ட்மென்ட் ஹெட் ஆனேன். எட்டு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒருவர்கூட அந்த இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. மாட்டியவன் தப்பு என்றால் நீளத்தை ஏன் மாற்றினீர்கள் என்று கேட்க ஒரு ஆள் இல்லை. நீங்கள் வேலை பார்க்கும் இடத்தின் லட்சணம் இது.

போன வருஷம் அருள்தாஸ் மகள் கல்யாணத்துக்கு மத்திகிரி சர்ச்சுக்குப் போயிருந்தேன். பத்திரிகை வந்ததே எனக்கு ஆச்சரியம். சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கம் வந்து குனிந்து, "முனிரத்தினம் பாகலூர்ல ஷெட் போட்டுருக்கான் சார். போய் பாருங்க, பாக்கணும்னு தோணுச்சுன்னா" என்றார். அதைச் சொல்லத்தான் அழைத்திருக்கிறார் போல.

போவதற்கு எனக்கு மூன்று மாசம் ஆயிற்று. ஒரு சாயங்காலம் போனேன். ரோட்டோரத்தில் தகரக் கொட்டகை. உள்ளே நம் வண்டிதான் ஒன்று நின்றிருந்தது, அதன் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. "யாரு?" என்று குரல் வந்தது. பெயரைச் சொன்னேன். ஸ்பேனர் திரும்புகிற சத்தம்தான் கேட்டது. வேலையை முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தார். தலை பாதி நரைத்திருந்தது. சட்டைப் பையில் மஞ்சள் பேனா.

"வாங்க சார். குந்துங்க" என்று ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். டீ சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்தவனை உபசரிக்கிற மரியாதை. அது என்னை இன்னும் கொன்றது.

"முனிரத்தினம், அன்னிக்கு மார்க் இருந்துச்சு. நான் பாத்தேன்."

"தெரியும் சார். நான் போட்டதாச்சே."

டீ வந்தது. அவர் குடித்தார், நான் கையில் பிடித்திருந்தேன்.

"மார்க்கு இருந்துச்சான்னு நான் கேக்கலியே சார். பாத்தீங்களான்னுதான் கேட்டேன்."

"தப்புப் பண்ணிட்டேன். மன்னிச்சிருப்பா" என்றேன். அழுகை வந்தது, அடக்கவில்லை. அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துக் கம்பெனி பஸ் வந்து எதிரே நின்றது. நாலைந்து பேர் இறங்கினார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒருவன் கொட்டகையைக் காட்டிப் பக்கத்து ஆளிடம் ஏதோ சொன்னான். பஸ் போய்விட்டது.

"என்கிட்ட வந்து சொல்றீங்களே சார், எனக்குத்தான் மொதல்லேர்ந்தே தெரியுமே" என்றார். "அந்த பஸ்ல போறவங்களுக்குத்தான் தெரியாது. ஆத்துல நின்ன வண்டிக்குக் கிளிப்பு மாட்டுனவன் இவன்தான்னு இன்னிக்கும் கையக் காட்டிக்கினு போறாங்க. புதுசா வர்ற புள்ளைங்களுக்கும் சொல்லிக் குடுத்துர்றாங்க. என் பொண்ணு அதக் கேட்டுக்கினுதான் காலேஜ் போச்சு. தெரியாதவங்ககிட்டப் போய் சொல்லுங்க சார்."

எழுந்து மறுபடி வண்டியின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

கம்பெனிக்கு எழுதினேன். பழைய பைல், முடித்து வைக்கப்பட்டது, தங்கள் அக்கறைக்கு நன்றி என்று பதில் வந்தது. அதன்பிறகுதான் பயிற்சிப் பிரிவின் இந்த போன். நீங்கள்தானே அந்த பஸ்ஸில் போகிறவர்கள்? அதனால் உங்களிடம் சொல்கிறேன். பாடம் வேண்டும் என்பவர்கள் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: உடைந்து வந்த பொருளைப் படம் எடுத்தால் எல்லாப் பக்கமும் எடுங்கள், குறிப்பாக உங்களுக்குப் பிடிக்காத பக்கத்தை. ராத்திரி முழுக்க நின்ற வண்டியைச் சோதித்துவிட்டுக் கைதட்டாதீர்கள். டிரைவர் கேள்வி கேட்டால் 'பாக்கலாம்' என்று சொல்லாதீர்கள். நம்பிக்கை இல்லாவிட்டால் டாக்குமெண்ட் அறைக்குப் போங்கள். ப்ரீதர் ஹோஸ் என்று கேட்டால் இரண்டு தாள் எடுத்துக் கொடுப்பார்கள், ஆபரேட்டர் தவறு என்று ஒன்று, நீளம் மாற்றம் என்று இன்னொன்று. பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் கீழே இருக்கிற கையெழுத்தைப் பாருங்கள்.

வெட்டுவதானால் மேலே எழுதிய அத்தனையையும் வெட்டுங்கள். பாகலூர் முனையில் பஸ் நிற்கும்போது பக்கத்து சீட்டுக்காரன் கொட்டகையைக் காட்டினால் அவனிடம் சொல்வதற்கு இந்த ஒரு வரியை மட்டும் விட்டுவையுங்கள்: முனிரத்தினம் மாட்டிய கிளிப் இறுக்கமாக இருந்தது.